பத்து சென்ட் பாத்தியும் ஏரிக்கரை மருந்தும்

செங்கல்பட்டுப் பக்கத்தில் இருக்கும் எங்கள் சேரியில், அம்பேத்கர் மன்றத்துக்குப் பின்னால் பத்து சென்ட் பொது இடம் ஒன்று உண்டு. 1995இல் அதில் நாங்கள் ஒரு மூலிகைப் பாத்தி போட்டோம். போட்டவர்களில் பாதிப் பேர் இன்று ஊரில் இல்லை. கம்பெனி வேலை, கட்டட வேலை என்று போய்விட்டார்கள். நானும் போய்விட்டுத் திரும்பியவன்தான். 2021இல் கொரோனா இரண்டாம் அலை ஓய்ந்த பிறகு, இப்போதைய மன்றத்துப் பிள்ளைகள் அந்தப் பாத்தியை மறுபடி சீர்செய்யப் போகிறோம் என்று கிளம்பினார்கள். 'அண்ணா, நீங்கதான் மொதல்ல போட்டீங்களாமே, வந்து எது எதுன்னு காட்டுங்க' என்று கூப்பிட்டார்கள். போனேன்.

பாத்தி என்று சொல்லிக்கொள்ள அங்கே அதிகமாக ஒன்றுமில்லை. ஓரத்தில் நட்ட ஆடாதோடை ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து, அடியில் இலையே இல்லாமல் கட்டையாக நின்றது. தூதுவளை வேலி முழுக்க ஏறி முள்ளாகக் கிடந்தது. பிரண்டைக்கு ஒரு குறையும் இல்லை, அதை யாராலும் கொல்ல முடியாது. கை பம்பு தண்ணீர் வழிகிற இடத்தில் ஒரு கை அகலத்துக்கு வல்லாரை. மற்ற இடமெல்லாம் கோரையும் பார்த்தீனியமும் அருகும். துளசி, கற்பூரவல்லி, நிலவேம்பு இருந்த தடமே இல்லை.

என் பெரியம்மாவையும் கூட்டிப் போயிருந்தோம். எண்பது வயது தாண்டியவள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டுச் சொன்னாள்: 'இன்னா தம்பி இது, பாத்தி கட்டி மருந்துச் செடி வக்கிறது நம்ம பழக்கமா? உங்க ஆயா எந்தக் காலத்துல பாத்தி கட்னா? ஏரிக்கரைக்குப் போவா, மடியில பறிச்சிப் போட்டுகினு வருவா. அவ்ளோதான்.'

அவள் கிண்டலாகத்தான் சொன்னாள். எனக்கு அது வேறு மாதிரி பட்டது. நூறு நோய்க்கு மருந்து தெரிந்தவள் என்று பேர் வாங்கிய எங்கள் ஆயா, ஏன் ஒரு செடியைக்கூட வீட்டுப் பக்கத்தில் நட்டு வைக்கவில்லை? சோம்பலா? பாட்டி வைத்தியம் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிற பத்திரிகைகள் 'கொல்லைப்புறத்தில் இருந்து பறித்து' என்று ஆரம்பிக்கின்றன. அந்தக் கொல்லைப்புறம் யாருக்கு இருந்தது என்று ஒருவரும் கேட்பதில்லை.

எங்கள் ஜில்லா மிராசு ஜில்லா. மிராசுதார்கள் பயிர் வைத்த நிலத்துக்கு மட்டும் உரிமை கொண்டாடவில்லை. கிராமத்துத் தரிசும் தங்களுடையதுதான் என்றார்கள். சேரிக்காரன் ஒருவன் தரிசு நிலம் கேட்டுத் தர்காஸ்து எழுதிப் போட்டால், மிராசுதாருக்கு அதில் முன்னுரிமை என்பதுதான் நடைமுறை. அதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. சேரியில் குடிசை போட்டிருந்த மனையே பல இடங்களில் மிராசுதாருடையது என்றுதான் கருதப்பட்டது. கூலி அதிகம் கேட்டாலோ, வேறு இடத்துக்கு வேலைக்குப் போனாலோ, பிள்ளையைப் பாதிரியார் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினாலோ, குடிசையைப் பிரித்துக்கொண்டு போ என்று சொல்லலாம். ஸ்காட்லாந்து மிஷனைச் சேர்ந்த ஆடம் ஆண்ட்ரூ, வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த வில்லியம் கௌடி போன்றவர்கள் இந்த ஜில்லாவில் நம் மக்களுக்கு நிலம் வாங்கித்தர முயன்றபோது முட்டிக்கொண்டது இந்தச் சுவரில்தான். செங்கல்பட்டு கலெக்டராக இருந்த டிரமென்ஹீர் 1891இல் பறையர்களைப் பற்றி அரசுக்கு எழுதிய அறிக்கையில் இந்த மனைப் பிரச்சினையும் தரிசு நிலப் பிரச்சினையும்தான் முக்கியமானவை. விவசாயக் கூலிகள் குடியிருக்கிற மனையை அவர்களுக்கே சொந்தமாக்கும் சட்டம் 1971இல்தான் வந்தது. நடுவில் எண்பது வருஷம்.

இதை மூலிகையோடு சேர்த்து யோசித்துப் பாருங்கள். ஆடாதோடையோ நொச்சியோ நட்டால் நன்றாகப் பிடித்து வர இரண்டு மூன்று வருஷம் ஆகும். நாளைக்கே எழுந்து போ என்று சொல்லக்கூடிய மண்ணில் எவள் அதை நடுவாள்? எங்கள் ஆயா கையாண்ட மருந்துகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தேன். கீழாநெல்லியும் கரிசாலையும் வயல் வரப்பில் முளைப்பவை. பொடுதலை தண்ணீர்க் கசிவில் தானாகப் படரும். குப்பைமேனிக்குப் பேரிலேயே இடம் இருக்கிறது. நொச்சி ஏரிக்கரையில், பிரண்டை வேலியில், ஆவாரை மேட்டுத் தரிசில். அநேகமாக எல்லாமே யாரும் நடாமல் வளர்கிறவை. நட்டு, தண்ணீர் ஊற்றி, பாதுகாத்து வளர்க்க வேண்டிய செடி அவளுடைய மருந்தில் மிகக் குறைவு. இது நானாகப் போட்ட கணக்கு, ஆராய்ச்சி என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு சமூகத்தின் வைத்தியத்தில் எந்தச் செடி இருக்கிறது, எது இல்லை என்பதை அந்தச் சமூகத்துக்கு இருந்த நிலமும்தான் தீர்மானித்திருக்கிறது என்று நினைக்கிறேன். வேலியும் கொல்லையும் இருந்த தெருக்காரர்களுக்கு மாடத்தில் துளசி இருந்தது. எங்களுக்கு வரப்பு இருந்தது. அதுவும் இன்னொருவருடைய வரப்பு. களை பறிக்கப் போகும்போதே கீழாநெல்லியைத் தனியாகப் பிரித்து மடியில் போட்டுக்கொள்வாளாம் ஆயா. நிலத்துக்காரர் பார்த்தால், 'கூலிக்கு வந்தியா, தழ பறிக்க வந்தியா' என்பாராம்.

ஆயா மருத்துவச்சி. எங்கள் பக்கத்தில் ஊர்த்தெருவுக்குப் பிரசவம் பார்க்க நாவிதர் வீட்டு அம்மாள் இருந்தாள். அவளும் ஒடுக்கப்பட்டவள்தான், ஆனால் சேரிக்கு வரக்கூடாது என்று அவளுக்கும் கட்டுப்பாடு. ஆகவே சேரிக்கு சேரியிலேயே ஒருத்தி வேண்டியிருந்தது. என் ஆயாவுக்கு அவளுடைய மாமியார் சொல்லிக் கொடுத்தாள். தாதிகளையும் மருத்துவச்சிகளையும் பதிவு செய்ய சென்னை மாகாணத்தில் 1926இல் ஒரு சட்டம் போட்டார்கள். அந்தப் பதிவேட்டில் எங்கள் ஆயா மாதிரி ஆட்களுக்கு இடமில்லை. படிப்பு வேண்டும், சான்றிதழ் வேண்டும். பதிவு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கைசுத்தம் தெரியாத பிரசவத்தால் செத்தவர்களும் நம் பெண்கள்தான். ஆனால் அவளிடம் இருந்ததை எழுதி வைக்கவும் ஒருவரும் வரவில்லை.

ஊர்க்காரர்களும் அவளிடம் வந்திருக்கிறார்கள். குழந்தைக்கு மாந்தம், மஞ்சக்காமாலை என்றால் இருட்டின பிறகு வந்து சேரி முனையில் நின்று குரல் கொடுப்பார்களாம். ஆயா பறித்து வைத்ததை எடுத்துக்கொண்டு போவாள். அரைத்துச் சாறாகக் கொடுத்தால் வாங்க மாட்டார்கள். 'எலயா குடு, நாங்க வூட்ல அரச்சிக்கிறோம்' என்பார்களாம். இலைக்குத் தீட்டு இல்லை. அம்மியில் அரைத்தால் தீட்டு. பெரியம்மா இதைச் சொல்லும்போது சிரித்தாள். எந்த இலை எவ்வளவு, எதோடு சேர்த்து என்று கேட்டுக் கேட்டு வாங்கிப் போனவர்கள், அடுத்த தலைமுறையில் அதைத் தங்கள் வீட்டுப் பக்குவம் என்று சொல்லிக்கொண்டார்கள். அரைத்த கையைத் தொடாமல் அறிவை மட்டும் எடுத்துக்கொள்ள முடிந்திருக்கிறது.

ஆயாவைப் புனிதமாக்கி எழுத எனக்கு விருப்பமில்லை. அவளுக்குத் தெரியாததும் நிறைய இருந்தது. அவளுடைய சொந்த மகள், என் அத்தை, தலைப்பிரசவத்தில் செத்துப்போனாள். ரத்தம் நிற்கவில்லை. ஆயா தனக்குத் தெரிந்த அத்தனையும் செய்து பார்த்துவிட்டு, ஆசுபத்திரிக்குக் கொண்டு போகலாம் என்றாள். ஐப்பசி மாசம், ராத்திரி, மழை. சேரியில் வண்டி கிடையாது. ஊரில் இரண்டு வீட்டில் கேட்டார்கள். ஒரு வீட்டில் மாடு களைத்திருக்கிறது என்றார்கள். இன்னொரு வீட்டில் கதவையே திறக்கவில்லை. கட்டிலில் வைத்து நாலு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள். ஊர்த்தெரு வழியாகப் போனால் சீக்கிரம், ஆனால் அந்த நேரத்தில் சண்டை வரும் என்று ஏரிக்கரையைச் சுற்றிப் போனார்கள். போய்ச் சேரவில்லை. அதற்குப் பிறகு ஒரு வருஷம் ஆயா ஏரிக்கரைப் பக்கமே போகவில்லையாம்.

கீழாநெல்லி பற்றி ஒரு வார்த்தை. 1988இல் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர் எஸ்.பி. தியாகராஜனும் அவரோடு சேர்ந்தவர்களும் மஞ்சள் காமாலைக் கிருமிகளில் ஒன்றான ஹெபடைடிஸ் பி கிருமியைச் சுமந்திருப்பவர்களுக்குக் கீழாநெல்லி கொடுத்துப் பார்த்த ஆய்வு லான்செட் இதழில் வந்தது. பலன் பெரிதாக இருப்பதாகக் காட்டியது. பிறகு வேறு இடங்களில் செய்த ஆய்வுகளில் அதே பலன் கிடைக்கவில்லை. எனவே காமாலை என்றால் இன்று ரத்தப் பரிசோதனைதான் முதலில் என்று பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறோம். வாசலில் சிறியாநங்கை வைத்தால் பாம்பு வராது என்று பெரியம்மா சொல்வாள். வைக்கட்டும், அழகாகத்தான் இருக்கிறது. கடித்துவிட்டால் நேராக அரசு ஆசுபத்திரி, விஷமுறிவு ஊசி. இதில் நம் பாரம்பரியம் என்று வீம்பு பிடித்தால் சாவது நம் பிள்ளைகள்.

சித்த வைத்தியம் என்றாலே ஏதோ ஏட்டுச்சுவடி வைத்திருந்த மேல்சாதிக் குடும்பங்களின் சொத்து என்கிற பேச்சு இருக்கிறது. பண்டிதர் அயோத்திதாசர் வைத்தியர் என்பதை நம்மில் பலரே நினைவில் வைப்பதில்லை. 1845இல் பிறந்து 1914இல் மறைந்தவர். சாக்கிய பௌத்த சங்கம் வைத்தார், 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' பத்திரிகை ஆரம்பித்தார், இவ்வளவும் மேடையில் சொல்கிறோம். அவர் பிழைத்தது வைத்தியத்தால். சிறுவயதில் கைகால் முடங்கிக் கிடந்த தனக்கு மருத்துவம் பார்த்துக் குணமாக்கியவர் அவர்தான் என்று திரு.வி.க. தன் வாழ்க்கைக் குறிப்புகளில் எழுதி வைத்திருக்கிறார். அதனால் அந்த ஒரு நோயாளியின் பேராவது நமக்குத் தெரிகிறது. மற்றவர்கள் எழுதத் தெரியாதவர்கள். அயோத்திதாசரின் எழுத்துகளை ஞான. அலாய்சியஸ் தொகுத்து 1999இல் வெளிவந்த பிறகுதான் என் போன்றவர்கள் அவரை முழுசாகப் படித்தோம். 2005இல் தாம்பரத்தில் திறக்கப்பட்ட தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் மருத்துவமனைக்கு அவர் பேர்தான் வைத்திருக்கிறார்கள். செத்து 91 வருஷம் கழித்து.

அவரைப் பற்றி இங்கே சொல்ல வந்தது வேறு ஒரு காரணத்துக்காக. 1892இல் சென்னை மகாஜன சபைக் கூட்டத்தில் கோயில் நுழைவைப் பற்றி அவர் கேள்வி கேட்டதும், அதற்கு எழுந்த கூச்சலும் பலருக்குத் தெரியும். அதே கூட்டத்தில் அவர் கேட்ட இன்னும் இரண்டு: நம் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி, கிராமங்களில் சும்மா கிடக்கும் தரிசு நிலம். வைத்தியம் தெரிந்த ஒரு மனிதர் மேடை ஏறிக் கேட்டவற்றில் ஒன்று நிலம். அதே 1892இல் செப்டம்பர் 30ஆம் தேதிதான் 1010ஆம் எண் அரசாணை வந்தது. நாம் பஞ்சமி நிலம் என்று சொல்வது அதில் ஆரம்பித்ததுதான். மாகாணம் முழுக்க சுமார் 12 லட்சம் ஏக்கர் ஒதுக்கப்பட்டதாகச் சொல்லப்படுகிறது. பத்து வருஷத்துக்கு விற்கக்கூடாது, அதற்குப் பிறகு விற்றாலும் தாழ்த்தப்பட்டவருக்குத்தான் விற்க வேண்டும் என்று நிபந்தனை. அந்த நிலம் எப்படிக் கைமாறியது என்று இந்த இதழின் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஐந்து ரூபாய்க் கடன், ஒரு கைநாட்டு, ஒரு சாராயக் குடம். 1979க்குப் பிறகு நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில் பல ஊர்களில் அனுபவத்தில் இருந்தவர் பேரிலேயே பட்டா ஏறியது. பஞ்சமி என்ற சொல்லே கணக்கில் இருந்து காணாமல் போயிற்று.

1994 அக்டோபர் 10. காரணை பஞ்சமி நிலத்தைக் கேட்டு நடந்த போராட்டத்தில் செங்கல்பட்டில் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தியது. ஜான் தாமஸ், ஏழுமலை இரண்டு பேரும் செத்தார்கள். அதற்குப் பிறகு இந்த ஜில்லாவில் ஒவ்வொரு சேரியிலும் இளைஞர்கள் பழைய கணக்கைத் தேட ஆரம்பித்தார்கள். நாங்களும் தேடினோம். எங்கள் ஊர்ப் பஞ்சமி நிலத்தில் அப்போதே தென்னந்தோப்பு நின்றது. எங்களிடம் மிச்சம் இருந்தது மன்றத்துக்குப் பின்னால் இருந்த இந்தப் பத்து சென்ட் மட்டும்தான். அதையும் களத்துமேடாக்கிக்கொள்ள ஊரில் இருந்து ஒருவர் கண் வைத்திருந்தார். சும்மா கிடந்தால் போய்விடும், ஏதாவது செய்ய வேண்டும் என்று பேச்சு வந்தபோது, என்ன செய்வது என்று தெரியவில்லை. கட்டடம் கட்டக் காசில்லை. ஆயாவுக்கு அப்போது கண் மங்கிவிட்டது, ஏரிக்கரைக்குப் போக முடியவில்லை. போனாலும் அங்கே என்ன இருந்தது? சீமைக் கருவேலம் கரையை மூடிவிட்டிருந்தது. அதன் கீழே ஒரு பொடுதலைகூடப் படராது. அவள் இருக்கும்போதே தெரிந்ததை எல்லாம் கொண்டுவந்து இங்கே நட்டுவிடுவோம் என்று யாரோ சொன்னார்கள். அப்படி வந்ததுதான் பாத்தி. சொல்லப்போனால் அது இடத்தைக் காப்பாற்றப் போட்ட வேலி. மருந்து இரண்டாவது.

ஆயா 1998இல் இறந்தாள். பாத்தி அதற்குப் பிறகு ஏழெட்டு வருஷம் தாக்குப்பிடித்தது.

இப்போது சீர்செய்த கதைக்கு வருகிறேன். பிள்ளைகள் முதலில் எல்லாவற்றையும் பிடுங்கிப்போட்டுவிட்டு நர்சரியில் இருந்து புதுசாக வாங்கி நடலாம் என்றார்கள். பெரியம்மா விடவில்லை. 'வேர் நம்முது இருக்கச் சொல்ல எதுக்குடா காசு குடுத்து வாங்கறீங்க' என்றாள். ஆடாதோடையை முழங்கால் உயரத்துக்கு வெட்டச் சொன்னாள். ஒரு மாதத்தில் அடிக்கட்டையில் இருந்து கொத்துக் கொத்தாகத் துளிர்த்தது. வெட்டிய கிளைகளில் நடுத்தரத் தடிமன் உள்ளதை ஒரு சாண் நீளத்துக்கு நறுக்கி, நிழலில் ஊன்றி, அதிலேயே இருபது கன்று எடுத்தோம். தூதுவளையையும் அடியோடு கழித்துவிட்டோம், புதுத் தளிர்தான் சமைக்க ஆகும். வல்லாரையைப் பிரித்துக் கை பம்பு வாய்க்கால் ஓரமே வைத்தோம், அது வெயிலுக்கு வராது. கற்பூரவல்லி ஒரு வீட்டில் உடைந்த குடத்தில் இருந்தது, நுனி ஒடித்துக்கொண்டு வந்தோம். துளசி இரண்டு மூன்று வருஷத்தில் கட்டையாகிப் போகும், விதை தெளித்துக்கொண்டே இருக்க வேண்டும். அதைச் செய்யாமல் விட்டதுதான் எங்கள் பழைய தப்பு. கோரையை மேலோடு அறுத்தால் பிரயோசனம் இல்லை. ஓர் அடி ஆழம் கொத்திக் கிழங்கு கிழங்காகப் பொறுக்க வேண்டும். மூன்று ஞாயிற்றுக்கிழமை அதற்கே போயிற்று.

மண் செத்துக் கிடந்தது. ஆட்டெரு சேரியிலேயே கிடைத்தது. ஏரி வண்டல் நாலு டிராக்டர் இருந்தால் போதும் என்று கணக்குப் போட்டோம். 2017இல் அரசு விதியைத் தளர்த்தி, ஏரி வண்டலை விவசாயிகள் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்று சொன்னது. பிள்ளைகள் மனு எழுதிக்கொண்டு போனார்கள். பட்டா, சிட்டா, அடங்கல் கேட்டார்கள். பொது இடத்துக்கு ஏது பட்டா? அதே ஏரியில் இருந்து அந்த வாரம் தென்னந்தோப்புக்கு வண்டல் போய்க்கொண்டிருந்தது. அந்தத் தோப்புக்கு எல்லாக் காகிதமும் இருக்கிறது. எந்தத் தோப்பு என்று முன்னாலேயே சொல்லியிருக்கிறேன். ஏரி மண் எல்லோருக்கும் இலவசம், பட்டா உள்ளவனுக்கு. கடைசியில் சேரிக்குட்டையில் இருந்து தலைச்சுமையாகச் சேறு அள்ளினோம். ஐம்பது அன்னக்கூடை இருக்கும். பெண்கள்தான் அதிகம் அள்ளினார்கள், எண்ணியது நான்.

அந்தச் சமயத்தில் மன்றத்துக்குக் கபசுரக் குடிநீர்ப் பொட்டலங்கள் வந்திருந்தன. ஒரு பையன் பொட்டலத்தில் அச்சடித்திருந்த சரக்குப் பட்டியலைச் சத்தமாகப் படித்தான். பதினைந்து சரக்கு. ஆடாதோடை, கற்பூரவல்லி, நிலவேம்பு, சீந்தில் என்று போய், கோரைக்கிழங்கு என்று வந்ததும் பெரியம்மா நிறுத்தச் சொன்னாள். 'கோரையா? நல்லா படி.' மறுபடி படித்தான். நாங்கள் கொத்திக் கொட்டியிருந்த குவியலைப் பார்த்தாள். 'அம்பது வருசம் அடுத்தவன் கழனியில இத்தப் புடுங்கிப் புடுங்கிப் போட்டேன். கையெல்லாம் காய்ச்சிப் போச்சி. இத்தக் கடையில விக்கிறானா?' குவியலில் இருந்து ஒரு படி பொறுக்கிக் கழுவிக் காயவைத்தோம். மற்றதைக் கொளுத்தினோம், விட்டால் திரும்ப முளைக்கும்.

இடத்துக்கு மன்றத்தின் பேரில் அனுபவச் சான்று கேட்டு அதற்குப் பிறகு இரண்டு முறை மனு கொடுத்திருக்கிறோம். ரசீது இருக்கிறது. போன புரட்டாசியில் நிலவேம்பு விதை போட்டோம். பாதிதான் முளைத்தது. விதை ரொம்பப் பொடி, மண்ணை மேலே கனமாகத் தள்ளிவிட்டோம் என்று பெரியம்மா திட்டினாள். 'வர்ற வருசம் நான் இருக்கனோ இல்லியோ, மேல மண்ணு போடாத. வெறல்ல லேசா தடவி வுடு.' பிள்ளைகள் இதை மன்றத்து நோட்டில் எழுதி வைத்திருக்கிறார்கள்.